நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில்) உள்ள பாட்டுத் தொகுப்பை வைஃபை ஸ்பீக்கரில் சேர்த்தால் ‘அணுக முடியவில்லை’ என்கிறது. அதே ஃபோல்டர் கணினியில் திறக்கிறதே, ஏன்?

முதலில் ஒன்று: போனில் இருக்கும் ஆப் வெறும் ரிமோட்தான். நாஸுக்குப் போய்ப் பாட்டை எடுத்து வருவது ஸ்பீக்கர். அதனால் கணினியில் திறக்கிறது, போனில் திறக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு எஸ்எம்பியின் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் நெறிமுறை) எந்தப் பதிப்பு தெரியும், அது எந்த நெட்வொர்க்கில் நிற்கிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே மாதிரி பாட்டெடுப்பதில்லை. சோனோஸ், ப்ளூசவுண்ட் போன்றவை நாஸின் ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகத் தாமே திறந்து, பட்டியலையும் தாமே தயாரிக்கும். வேறு பல ஸ்பீக்கர்கள் டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் தமக்குள் பாட்டும் படமும் பகிரும் முறை) வழியாகப் போகும். அங்கே பட்டியலிடும் வேலை நாஸில் ஓடும் மீடியா சர்வருடையது. கூகுள் நெஸ்ட், அமேசான் எக்கோ வகையறா நாஸ் ஃபோல்டரைத் தாமாகத் திறக்காது. அவற்றுக்குப் பிளெக்ஸ் மாதிரி மீடியா சர்வர் மென்பொருள் ஒன்று இடையில் வேண்டும். ‘அணுக முடியவில்லை’ என்பது பெரும்பாலும் முதல் வகைக்கான சிக்கல் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

நாஸுக்கு ஐபி முகவரி மாறாதபடி ரவுட்டரில் முன்பதிவு செய்யுங்கள். பகிர்வின் முகவரியை நாஸின் பெயரால் தராமல் எண்ணால் கொடுங்கள்: \\192.168.1.20\ என்று அடித்து, அதை ஒட்டிப் பகிர்வின் பெயர். கணினி பெயரைக் கேட்டு முகவரியைக் கண்டுபிடித்துவிடும், ஸ்பீக்கர் பல நேரம் கோட்டைவிடும். பகிர்வின் பெயர் இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்துகளில் இருந்தால் தொல்லை குறைவு. பிறகு நாஸில் ஸ்பீக்கருக்கென்றே தனி யூசர் ஒன்று உருவாக்கி, பாட்டு ஃபோல்டருக்கு மட்டும், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், ஆனால் எழுத்தும் எண்ணும் போதும். சிறப்புக் குறிகளைச் சில ஸ்பீக்கர்கள் தவறாக அனுப்பும். அட்மின் கணக்கைக் கொடுப்பது சோம்பேறித்தனம், செய்யாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை வந்தால் நாஸின் இணைப்புப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். லாகின் தோல்வி என்று ஒரு வரி விழுந்தால் யூசர், பாஸ்வேர்டு, அல்லது என்டிஎல்எம் என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையின் பழைய முதல் பதிப்பு மறுக்கப்படுவது காரணம். எதுவுமே விழாவிட்டால் ஸ்பீக்கர் லாகின் வரைக்கும் வரவே இல்லை: ஒன்று நெட்வொர்க், இல்லையென்றால் எஸ்எம்பி பதிப்பு.

பதிப்புதான் பெரிய வில்லன். சோனோஸின் பழைய எஸ்1 ஆப்பில் ஓடும் ஸ்பீக்கர்களுக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். 2020இல் வந்த எஸ்2வின் இன்றைய பதிப்புகள் எஸ்எம்பி2, அதற்கு மேல் பேசும். மறுபக்கம், நாஸ்களில் பெரும்பாலும் எஸ்எம்பி பகிர்வை நடத்தும் சாம்பா என்ற மென்பொருளில் 4.11 முதல் எஸ்எம்பி1 இயல்பாகவே அணைக்கப்பட்டுள்ளது. ஆகவே நாஸை அப்டேட் செய்த மறுநாள் பாட்டு நின்றுபோனால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எஸ்2 என்றால் நாஸின் குறைந்தபட்சப் பதிப்பை எஸ்எம்பி2 என்றும், அதிகபட்சத்தை எஸ்எம்பி3 என்றும் வையுங்கள். எஸ்1 என்றால், நாஸில் எஸ்எம்பி1ஐத் திறந்துவிடு என்று பலரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். 2017இல் வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் நாஸின் பாட்டு ஃபோல்டரை எஸ்எம்பி3 வழியாக மவுண்ட் செய்து (இணைத்து), அதைப் படிக்க மட்டும் அனுமதியோடு எஸ்எம்பி1இல் ஸ்பீக்கருக்குப் பகிருங்கள். உங்கள் குடும்பப் படங்களும் பேக்கப்பும் உள்ள நாஸ் பூட்டியபடியே இருக்கும்.

நெட்வொர்க் பக்கம்: ஸ்பீக்கர் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ, ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அமைப்பு) இயங்கினாலோ நாஸ் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தால் நாஸ், ஸ்பீக்கர் இரண்டின் ஐபி எண்களையும் ஒப்பிடுங்கள். நாஸ் 192.168.1 என்றும் ஸ்பீக்கர் 192.168.0 என்றும் தொடங்கினால், இரண்டாவது ரவுட்டரை பிரிட்ஜ் அல்லது ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். டிஎல்என்ஏ சர்வர் பட்டியலில் தெரிந்து, சில நிமிடத்தில் காணாமல் போனால் ரவுட்டர், சுவிட்சின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (மல்டிகாஸ்ட், அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் தரவை வடிகட்டும் அமைப்பை) சந்தேகியுங்கள். சர்வர் தன் இருப்பைச் சொல்ல யுடிபி போர்ட் 1900இல் அனுப்பும் மல்டிகாஸ்ட் அறிவிப்புகள் அங்கேதான் தொலைகின்றன.

இணைப்பு கிடைத்த பிறகு வரும் குறைகள் வேறு ரகம். சோனோஸ் பட்டியலில் அதிகபட்சம் 65,000 பாட்டுகள். டேகுகள் (கோப்புக்குள் இருக்கும் பாட்டுப் பெயர், பாடகர் விவரங்கள்) நீளமாக இருந்தால் அதைவிடக் குறையும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஆடியோ கோப்பு) அதில் ஓடாது, 48க்கு இறக்கி ஒரு நகல் வைக்க வேண்டும் (88.2 என்றால் 44.1க்கு). அழித்த பாட்டு திரும்பத் தலைகாட்டினால் பகிர்வுக்குள்ளேயே இருக்கும் ரீசைக்கிள் ஃபோல்டரைப் பாருங்கள். நாளின் முதல் பாட்டு மட்டும் அடம்பிடித்தால் உறங்கும் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கச் சில நொடி எடுக்கிறது. உறங்கும் நேரத்தை நீட்டுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் வரலாம். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து நகலெடுத்த கோப்பு நாஸில் பிரிந்த வடிவிலும், பிளேலிஸ்ட்டில் நீங்கள் அடித்த பெயர் சேர்ந்த வடிவிலும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், லினக்ஸுக்கோ அவை இரு வேறு பெயர்கள். கொடி, கோயில் என்று தொடங்கும் பாட்டுகள் மட்டும் பிளேலிஸ்ட்டில் விடுபட்டால் காரணம் இதுதான். பெயர்களை எல்லாம் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிட்டு, பட்டியலை மறுபடி புதுப்பியுங்கள்.