கூகுள் ஃபார்மில் ஒரே கட்டத்தில் (cell) வந்து விழும் பல விடைகளைத் தனித்தனி காலமாகப் (column) பிரிப்பது எப்படி?

நீங்கள் செக்பாக்ஸ் கேள்வி வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "பொருந்துவதை எல்லாம் டிக் செய்யவும்" வகை. ஒருவர் நான்கை டிக் செய்தால் நான்கும் கூகுள் ஷீட்டில் ஒரே கட்டத்துக்குள், நடுவில் கமாவும் ஓர் இடைவெளியுமாக வந்து நிற்கும். யாரோ ஒரு மேலதிகாரி "இதைப் பிரிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

பிரிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் மா விவசாயிகள் குழு ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறேன். சீசனுக்கு முன்னால், யார் தோட்டத்தில் என்ன ரகம் நிற்கிறது என்று எல்லாருக்கும் ஒரு ஃபார்ம் போனது. தயாரித்தவர் வெளியூரிலிருந்து வந்த ஆலோசகர். பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, பீத்தர், நீலம், மல்கோவா, இமாம் பசந்த் என்று வரிசையாக டிக் பெட்டிகள், கடைசியில் "மற்றவை". பிள்ளைகள் போனில் அப்பாவுக்காகவும் தாத்தாவுக்காகவும் நிரப்பி அனுப்பினார்கள். நானூறுக்கு மேல் பதில் வந்தது. ஆலோசகர் அதை ஸ்பிளிட் ஃபங்ஷன் (SPLIT, குறி வரும் இடத்தில் வெட்டிப் பிரிக்கும் ஃபார்முலா) போட்டுப் பிரித்து, ரகம் 1, ரகம் 2 என்று தலைப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெங்களூரா இல்லாதவருக்கு முதல் காலத்தில் அல்போன்சா வரும். அதுவும் இல்லாதவருக்குச் செந்தூரா வரும். நீலம் ஒருவருக்கு இரண்டாவது காலத்திலும் இன்னொருவருக்கு ஐந்தாவதிலும் கிடக்கும். நீலம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டால் எந்தக் காலத்தைக் காட்டுவது?

இமாம் பசந்த் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் "இமாம்", அடுத்த காலத்தில் "பசந்த்" என்று இரண்டாக உடைந்து கிடந்தது. ஸ்பிளிட் ஃபங்ஷனுக்குப் பிரிக்கும் குறியாகக் கமாவையும் இடைவெளியையும் சேர்த்துக் கொடுத்தால், அது இரண்டையும் ஒரே குறியாக எடுத்துக்கொள்ளாது. கமா வந்தாலும் வெட்டும், இடைவெளி வந்தாலும் வெட்டும். ஃபார்முலாவின் அடைப்புக்குள் மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுத்தால்தான் இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும். டிக் பெட்டிகளின் பெயரைத் தமிழில் எழுதுகிற நமக்கு இது முக்கியம், நம் ரகப் பெயர், ஊர்ப் பெயர் பலவற்றில் இடைவெளி உண்டு.

வெளியூர் வியாபாரி ஒருவர் சாப்பாட்டுப் பழமாக இமாம் பசந்த் கேட்டு வந்தார். ஆபிஸில் இருந்தவர்கள் ஷீட்டில் அந்தப் பெயரை வடிகட்டிப் பார்த்துவிட்டு யாரிடமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் ஒரு பெரியவர் வந்தார். "பாப்பா, என் தோட்டத்துல இமாம் பசந்த் நிக்குதுன்னு என் பேரன் போன்ல போட்டானே, லிஸ்ட்ல என் பேரு ஏன் வரல?" என்று கேட்டார். பெங்களூராவை விட நல்ல விலைக்குப் போகிற பழம் அது. அவருக்கு நான் என்ன சொல்வது? அன்று சாயங்காலமே உட்கார்ந்து மாற்றினேன்.

செய்தது இதுதான். ஃபார்ம் பதில்கள் விழும் ஷீட்டைத் தொடவில்லை. பக்கத்தில் புது ஷீட் ஒன்று திறந்து, மேல் வரியில் ரகத்துக்கு ஒரு காலமாகப் பெயர்களை எழுதினேன். ஃபார்மில் இருக்கிற எழுத்து அப்படியே இருக்க வேண்டும், அதனால் காப்பி செய்து ஒட்டுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே சர்ச் (SEARCH) ஃபங்ஷன்: தலைப்பில் உள்ள பெயர் அந்த விவசாயியின் பதில் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று தேடும். கிடைத்தால் அது ஓர் எண் தரும். அதை, எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பருக்குள்ளும் (ISNUMBER) பிறகு இஃப்புக்குள்ளும் (IF) போட்டால், இருந்தால் 1, இல்லாவிட்டால் வெற்று. காலத்தைக் கூட்டினால் எத்தனை பேர் என்று வந்துவிடும். வடிகட்டினால் யார் யார் என்று வந்துவிடும்.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். அதே ஃபார்மில் பாசனம் பற்றிய கேள்வியும் இருந்தது: கிணறு, ஆழ்துளைக் கிணறு, அணைக் கால்வாய், மானாவாரி. "கிணறு" என்று தேடினால் ஆழ்துளைக் கிணறு மட்டும் வைத்திருப்பவரும் சேர்ந்து மாட்டுவார். ஆகவே பதிலுக்கு முன்னால் கமாவும் இடைவெளியும், பின்னால் ஒரு கமாவும் ஒட்டுங்கள். தேடுகிற பெயருக்கும் அதே போல ஒட்டுங்கள். அப்போது முழுப் பெயர் மட்டும்தான் பொருந்தும்.

இன்னொன்று, ஃபார்முலாவை வரிவரியாக இழுத்து நிரப்பாதீர்கள். புதுப் பதில் வரும்போது ஷீட்டில் புது வரி செருகப்படும், நீங்கள் இழுத்து வைத்தவை அதைத் தாண்டிப் போய்விடும். காலம் முழுவதற்கும் ஒரே ஃபார்முலாவாக வேலை செய்யும் அரேஃபார்முலா (ARRAYFORMULA) போட்டு, முடிவு வரி குறிப்பிடாமல் காலம் முழுவதையும் கொடுத்துவிட்டால் நாளை வருகிற பதிலும் தானாகச் சேரும். டேட்டா மெனுவில் உள்ள பிரிக்கும் வசதிக்கு இது முடியாது, அது அப்போது இருப்பதை மட்டும் பிரிக்கும்.

எக்ஸெலில் பவர் க்வெரி இருக்கிறது, பைதானில் இரண்டு வரி போதும் என்பவர்களுக்கு: தெரியும். எனக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரப்போகிறவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழி. முதலிலேயே கிரிட் கேள்வி (ரகத்துக்கு ஒரு வரியாக அட்டவணை போல வரும் கேள்வி) வைத்திருந்தால் ரகத்துக்கு ஒரு காலம் தானாக வந்திருக்குமே என்பதும் சரி. ஆனால் சின்ன போன் திரையில் கிரிட்டை இடமும் வலமும் தள்ளித் தள்ளி நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். பிரிப்பது எப்போதுமே தவறு என்றும் நான் சொல்லவில்லை. "ஊர், வட்டம், மாவட்டம்" என்று எல்லாரும் ஒரே வரிசையில் எழுதியிருந்தால் தாராளமாகப் பிரியுங்கள்.

ஃபார்ம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். கல்லூரி ப்ராஜெக்ட், கம்பெனி சர்வே, திட்ட அறிக்கை என்று வருஷம் முழுக்க எங்கள் ஆட்களிடம் இதே விவரத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை ஏக்கர், என்ன ரகம், எங்கே விற்றீர்கள். நிரப்பிக் கொடுத்தவருக்கு முடிவைத் திருப்பிச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 2025 சீசனில் பெங்களூரா கிலோ 5 ரூபாய்க்கு இறங்கியது. அந்த வருஷம் ஜூன் மாதம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலப் பெங்களூரா வரக்கூடாது என்று தடை வேறு. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அதற்கு முன்பு எத்தனை ஃபார்மில் "பெங்களூரா" என்று டிக் செய்திருப்பார்கள்! இத்தனை காய் வரப்போகிறது, கூழ் ஆலைகள் இவ்வளவுதான் எடுக்கும் என்று அந்த விவரத்தை வைத்து முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது எங்கள் குழுவில் எந்த ஃபார்ம் வந்தாலும், முடிவைத் தமிழில் அச்சிட்டுத் தருவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "மற்றவை"யில் ஆட்கள் கையால் அடித்ததும் அதே கட்டத்தின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டு வரும், அதற்கென்று தனிக் காலம் புது ஷீட்டில் இருக்காது. அதை மட்டும் கண்ணால் படித்து, ஒரே ரகத்தை நான்கு விதமாக எழுதியிருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் என்றால் விடைகளுக்கு நடுவில் கமா இருக்காது, செமிகோலன் இருக்கும். மற்றபடி முறை இதேதான்.