நான்கு மா நிலத்தை விற்றுவிட்டு வர வேண்டாம்

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. மயிலாடுதுறைப் பக்கம் வீடு. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஓராண்டு ஆகிறது. ஜெர்மனியில் எம்.எஸ்சி. இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அதற்காக அப்பா நான்கு மா நிலத்தை விற்கத் துணிந்துவிட்டார். "உயிரியல் படித்தவனுக்கு அங்கே வாழ்க்கை எப்படி அக்கா, வரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரலாம். ஆனால் இப்போது வேண்டாம். நிலத்தை விற்று எப்போதுமே வேண்டாம்.

நான் திருத்துறைப்பூண்டிக்காரி. எம்.எஸ்சி. தாவரவியலை ஊரிலேயே முடித்து, டெல்டாவிலேயே ஓர் ஆய்வு நிலையத்தில் இரண்டு ஆண்டு திட்ட உதவியாளராக இருந்து, அதற்குப் பிறகுதான் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜெர்மனிக்கு வந்தேன். பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. விமான டிக்கெட்டுக்கு மட்டும்தான் கடன் வாங்கினேன். இங்கே முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் ஒரு வேலை ஒப்பந்தம். உயிரியலில் பெரும்பாலும் முழுச் சம்பளத்தில் 65 விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். வேலை நூறு விழுக்காடுதான், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனாலும் வாடகை கட்டி, சோறு தின்று, ஊருக்கும் கொஞ்சம் அனுப்ப முடிந்தது.

எம்.எஸ்சி.க்கு வருகிறவர் நிலை வேறு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை (பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ). ஆனால் விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) காட்ட வேண்டும். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அது உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இதையும் "கட்டணம்" என்று சொல்லி அதன் மேல் கமிஷன் கேட்கும் ஏஜென்ட்டுகள் உண்டு. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். அதற்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் எதற்கு?

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை ஓர் ஏஜென்ட் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். அங்கே கட்டணமும் உண்டு, முடக்கக் கணக்கும் உண்டு. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள்தான் வேலை செய்யலாம். அந்த நாட்களையெல்லாம் கிடங்கில் பெட்டி கட்டித் தீர்த்துவிட்டு, பரீட்சையில் கோட்டை விட்டான். ஊரில் நிலம் போனது போனதுதான்.

இன்னொன்றையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை எல்லாப் பல்கலைக்கழகங்களும் முழுப் பட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. ஊரிலேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. உங்களுக்குப் பரங்கிப்பேட்டை எவ்வளவு தூரம்? வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. விலங்கியல் படித்தவர் அதைத் தாண்டி ஜெர்மனிக்கு விமானம் ஏறுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எம்.எஸ்சி. படிக்கும்போதே நெட் தேர்வுக்குத் தயாராகுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். அப்போது வெளிநாடு போவதா வேண்டாமா என்பதை நிதானமாக யோசிக்கலாம். நண்பர்களில் பாதிப் பேர் பி.எட்., மீதிப் பேர் திருச்சியில் மெடிக்கல் கோடிங் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ஆமை வருகிறது, கம்ப்யூட்டர் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

இங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டீர்களே. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும்; வீடு பார்க்க, மருத்துவரிடம் போக, கம்பெனியில் வேலை கேட்க ஜெர்மன் வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தத்துக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: பொதுவாக முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு. அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காதவர்கள் பலர் ஆய்வை விட்டே போகிறார்கள். எனக்கு ஐந்தாம் ஆண்டே வயிற்றில் புளி கரைத்தது. ஒரு விதைக் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் முழுவதும் ஜெர்மனில். இரவு வகுப்பில் தூங்கி விழுந்து படித்த மொழிதான் அன்று காப்பாற்றியது. ஆய்வக வேலைக்கு எம்.எஸ்சி. இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். இங்கே அந்த வேலைக்கென்றே தொழிற்பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வேலையில் கை பழகியவர்கள், ஜெர்மனும் தாய்மொழி. அதனால்தான் உயிரியல் படித்தவர்கள் முனைவர் பட்டத்தை நோக்கி ஓடுகிறார்கள்.

தனிமை இருக்கும். ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. முதல் வருடம் அங்கே போய்ப் பிரசாதச் சோற்றைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்தார்.

அந்த முனைவர் பட்ட ஆய்வு இடம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்கிறேன். பேராசிரியர் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ கண்ணால் பார்த்த ஒரு பிரச்சினையைச் சொல்" என்றார். சம்பா வயலில் புகையான் பூச்சி விழுந்ததைச் சொன்னேன். வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். அப்பா மருந்து அடித்தார், இன்னும் பரவியது. ஏனென்றால் சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுகின்றன, தின்ன ஆள் இல்லாத புகையான் பெருகிவிடுகிறது. இதை எனக்கு அறிமுகப்படுத்தியது பாடப்புத்தகம் இல்லை, அப்பாவின் கோபம். அரை மணி நேரம் என்று சொன்ன பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

ஏஜென்ட் எழுதித் தந்த விண்ணப்பக் கடிதத்தையும் இணைத்திருந்தீர்கள். "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்குகிறது. இதே வரியோடு இங்கே எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. சீர்காழிக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை வனத்துறை ஆட்களோடு இரவில் பொறுக்கப் போனதாக எனக்கு எழுதினீர்களே, அது அந்தக் கடிதத்தில் எங்கே?

அப்பாவிடம் நிலத்துக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எம்.எஸ்சி. விண்ணப்பம் போட்டபின், அந்த ஆமை இரவைப் பற்றி ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றுவதைப் பிறகு இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.