கோழி திருடினால் கம்பி, கோடி ஏய்த்தால் முன்ஜாமீனா?

கேள்வி: ஜி.எஸ்.டி.யில் கோடிக்கணக்கில் ஏய்த்தவர்கள், கைதாவதற்கு முன்பே கோர்ட்டுக்கு ஓடி முன்ஜாமீன் வாங்கிவிடலாமாமே! கோழி திருடியவனுக்கு இந்தச் சலுகை உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: கோழி திருடியவனுக்கு முன்ஜாமீனே தேவையில்லை ஐயா! 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. குற்றமும் ஜாமீனில் விடக்கூடியது. (சண்டைச் சேவல் என்றால் விலைக் கணக்கு வேறு.) இது சட்டம். ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஜி.எஸ்.டி. கதை வேறு. ஏய்ப்பு 5 கோடியைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை சிறை. சுலபத்தில் ஜாமீனும் கிடைக்காது. இந்த வழக்குகளில் முன்ஜாமீன் கேட்கவே முடியாது என்று 2023-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2025 பிப்ரவரி 27-ல், அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கைதாவோம் என்ற அச்சத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும், எஃப்.ஐ.ஆர். போடும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார்கள். வரி அதிகாரிகளின் கைது செய்யும் அதிகாரம் செல்லும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

ஏன் மாற்றினார்கள்? எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். காலையில் வந்த சோதனைக் குழு இரவு பதினோரு மணிக்கும் கிளம்பவில்லை. கணக்குப் பிள்ளையின் லேப்டாப்பில் டி.ஆர்.சி.-03 படிவம் திறந்திருக்கிறது. அது 'தானாக முன்வந்து' வரி கட்டுவதற்கான படிவம். "கட்டிட்டா நாங்க கிளம்பிடுவோம். இல்லேன்னா நீங்க எங்களோட கிளம்பணும்." மனிதர் மச்சானுக்கு போன் போட்டுப் பணம் புரட்டினார். எவ்வளவு வரி பாக்கி என்று அதுவரை யாரும் கணக்கே போடவில்லை. கைது பயத்தைக் காட்டி இப்படி வசூலிக்கிறார்கள் என்ற புகாரில் ஓரளவு உண்மை இருப்பதாக நீதிபதிகளே எழுதியிருக்கிறார்கள்; மிரட்டி வாங்கியிருந்தால் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பக் கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

சரி, முன்ஜாமீன் கிடைத்தால் ஏய்த்தவர் தப்பித்துவிடுவாரா? சம்மன் வந்தால் போய் உட்காரத்தான் வேண்டும். வரி, வட்டி, அபராதம் எதிலும் ஒரு பைசா குறையாது. நிபந்தனையை மீறினால் ஜாமீனும் போய்விடும்.

அப்புறம், 'ஏய்த்தவர்' என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது யார்? போலி பில் போடுகிற கும்பல் தன் பெயரில் கம்பெனி தொடங்காது. கடன் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி ஏதாவது ஒரு தினக்கூலியின் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிக்கொள்ளும். பல கோடி வியாபாரம் அவர் பெயரில் நடக்கும்; நோட்டீசும் அவர் வீட்டுக்குத்தான் வரும். அப்படி ஒன்றை மஞ்சள் பையில் மடித்து வைத்து எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வந்தார் ஒருவர், கட்டட வேலை செய்பவர். முழுக்க ஆங்கிலம். நான் படித்து முடிக்கும்வரை பேசாமல் நின்றிருந்தவர் கேட்டார்: "இதுல எங்க சார் கையெழுத்துப் போடணும்?"