பழைய பொருள் விற்பனையில் அரிய வீடியோ கேமை இனங்காண்பது எப்படி?

அமெரிக்காவின் பழைய பொருள் விற்பனைகளில் கிடைக்கும் நின்டெண்டோ கேட்ரிட்ஜ்களில் (ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவியில் செருகும், வீடியோ கேம் அடங்கிய பிளாஸ்டிக் கூடுகளில்) எது அரியது என்று கேட்டிருக்கிறீர்கள். புகழை வைத்து அதை அளக்க இயலாது. கோடிக்கணக்கில் விற்ற சூப்பர் மரியோ பிரதர்ஸ் இன்றும் எளிதில் அகப்படுகிறது. மாறாக, பண்டாய் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் என்னும் கேம், அதனுடன் பயன்பட்ட, காலால் மிதித்து விளையாடும் கால்விரிப்பின் உரிமையை நின்டெண்டோ வாங்கிக்கொண்டு 1988இல் வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட் என்னும் பெயரில் அந்த கேமையே மறுபடி வெளியிட்டதால், வட அமெரிக்கக் கடைகளிலிருந்து விரைவிலேயே மறைந்துபோயிற்று. ஐரோப்பியப் பதிப்பு அத்தனை அரிதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். 2013இல் வட கரோலினாவில் ஒரு பெண்மணி ஸ்டேடியம் ஈவென்ட்ஸின் பிரதியொன்றை 8 டாலருக்கும் குறைவாக வாங்கினார். போலிகள் மலிந்திருப்பதால், ஒட்டுச்சீட்டை மட்டும் நம்பாமல், விற்பவர் அனுமதித்தால் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சாகியுள்ளதா என்று பார்ப்பது நல்லது. கூட்டின் திருகாணிக்குப் பெரும்பாலும் சாதாரணத் திருப்புளி பொருந்தாது.