பழைய கார்வெட்டின் அடியில் வெப்பத்தடுப்பு மாற்றுவது எப்படி? (கேள்வி பதில்)

1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை (சி3) வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் ஒரே புகார்தான்: அரை மணி நேரம் ஓட்டினால் கால் வேகிறது. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1972 கார், 350 இன்ஜின், மேனுவல் கியர். டனலுக்குள் (கியர்பாக்ஸுக்கு மேலே தரை மேடாக எழும் பகுதி) மேலே இருந்த ஃபாயில் பட்டை கிழிந்து தொங்குகிறது. புதிதாகப் போட்டால் சூடு போய்விடுமா?

குறையும், போய்விடாது. பட்டை கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி, அதனால் எல்லோரும் அதையே பிடிக்கிறார்கள். இந்தக் கார்களில் உள்ளே வரும் சூட்டில் பெரும்பங்கு காற்றாகவே வருகிறது. கியர் லீவர் அடியில் கிழிந்த ரப்பர், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) வயர் நுழையும் ஓட்டைகள், எப்போதோ யாரோ ரேடியோவுக்காகப் போட்டுவிட்டு அடைக்காமல் விட்ட துளை, எல்லாம் வழிதான்.

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். இருட்டிய பிறகு கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே உட்காருங்கள். வேறொருவர் அடியிலிருந்தும் பானெட் பக்கமிருந்தும் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் நுழைகிற இடமெல்லாம் சூடான காற்றும் நுழையும். சாக்பீஸால் வட்டம் போட்டு, அவற்றை முதலில் அடையுங்கள்.

ஏசி உள்ள காராக இருந்தால் இன்னொன்று. ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் ஹோஸில் வேக்குவத்தில் (இன்ஜினின் உறிஞ்சு விசையில்) இயங்கும் வால்வு ஒன்று உண்டு. அது சரியாக மூடவில்லை என்றால் கோடையிலும் ஹீட்டர் வேலை செய்துகொண்டே இருக்கும். நீங்கள் அடியில் எதை ஒட்டினாலும் பயனில்லை.

கேள்வி: கடையில் விதவிதமாக விற்கிறார்கள். எந்தப் பொருள் சார் நல்லது?

என்னைக் கேட்டால் முதல் பொருள் காற்று இடைவெளி. எக்ஸாஸ்ட் (புகை) பைப்பிலிருந்து தரைக்கு வரும் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சு. பளபளப்பான அலுமினிய ஃபாயில் அதில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆனால் ஃபாயில் சூடான உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது, சூடு நேராகக் கடந்துவிடும். ஒற்றைத் துணியால் தோசைக்கல்லைப் பிடிக்கிற மாதிரிதான். அதே ஃபாயில் மீது எண்ணெயும் புழுதியும் கறுப்பாகப் படிந்தாலும் திருப்பி அனுப்பும் குணம் போய்விடும்.

டனலுக்குக் கண்ணாடி இழைப் பஞ்சும் ஒரு பக்கம் ஃபாயிலும் உள்ள பட்டை போதும். கம்பெனியிலிருந்து வந்ததும் அந்த வகைதான், அளவுக்கு வெட்டிய மறுதயாரிப்பும் கிடைக்கிறது. ஃபாயில் பக்கம் கீழே பார்க்க வேண்டும். பைப் மிக நெருங்கி ஓடும் இடத்தில் கூடுதலாக ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை, ஒரு விரல் கனம் இடைவெளி விட்டு, ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். செராமிக் இழைப் பட்டை ஆயிரம் டிகிரியைக் கூடத் தாங்கும், ஆனால் இந்த இடத்துக்கு அது தேவையில்லை. அதன் தூசி நுரையீரலுக்கும் ஆகாது.

கேள்வி: சத்தம் குறைக்கும் ப்யூட்டைல் ஷீட் நிறைய மீதி இருக்கிறது. அடியில் ஒட்டலாமா?

வேண்டாம். அது தரையின் அதிர்வை அடக்குவதற்கு. கார்ப்பெட்டுக்குக் கீழே, உள்ளே ஒட்டுங்கள், அதன்மேல் ஒரு ஃபெல்ட் விரியுங்கள். அடியில் ஒட்டினால் சூட்டில் இளகித் தொங்கும். தார் கலந்த மலிவு வகையாக இருந்தால் பைப் மேல் சொட்டி, நாற்றம் ஒரு வாரம் போகாது.

கேள்வி: வீட்டு கராஜில், லிஃப்ட் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், அவசரப்படாவிட்டால். உடல் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் என்பதால் ஜாக் ஸ்டாண்டை இரும்புச் சட்டத்தில் மட்டும் வையுங்கள். நாலு சக்கரமும் தூக்கியிருந்தால் படுத்து வேலை செய்ய இடம் கிடைக்கும்.

எக்ஸாஸ்ட் இறங்கியாக வேண்டும். இங்கேதான் உங்கள் கார் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பது முக்கியம். மேனுவல் கார்களில் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வெல்ட் செய்தது, பைப்புகள் அதன் ஓட்டைகள் வழியே போகின்றன. யாராவது பைப்பை ஒரே துண்டாக வெல்ட் செய்திருந்தால் அறுக்காமல் வராது. ஆட்டோமேட்டிக்கில் சட்டம் போல்ட் போட்டது, கியர்பாக்ஸுக்கு ஜாக் கொடுத்துவிட்டுக் கழற்றலாம்.

கழற்றிய பிறகு, கை நுழைய இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று கியர்பாக்ஸின் வாலை இறக்கத் தோன்றும். செவ்ரோலே வி8இல் டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) இன்ஜினின் பின்கோடியில், ஃபயர்வாலை ஒட்டி நிற்கிறது. வாலை இறக்கினால் இன்ஜின் பின்பக்கம் சாயும், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி ஃபயர்வாலில் மோதி உடையும். முன்னால் ஃபேன் அதன் கூண்டில் உரசும். மூடியை முன்பே கழற்றிவிட்டு, ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

பழைய பட்டையைத் துண்டாகப் பிய்க்காமல் எடுத்தால் அதுவே அளவுக் காகிதம். வெட்டிய விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடுங்கள், சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் பசை விட்டுவிடும். பசை ஸ்ப்ரேயை மட்டும் நம்பித் தலைகீழாக ஒட்டவும் வேண்டாம். அகல வாஷர் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவோ, குறுக்கே உலோகப் பட்டியோ கொடுங்கள். ஃபைபர்கிளாஸில் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போனால் துளை பெருத்துவிடும், பிடித்ததும் நிறுத்துங்கள்.

அப்புறம், மாட்டும் முன் எண்ணெய்க் கசிவை நிறுத்துங்கள். இன்ஜினின் பின்கோடியில் எண்ணெயைத் தடுக்கும் மெயின் சீல் சொட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு திரி மாதிரி உறிஞ்சும். எண்ணெய் ஊறிய பஞ்சுக்குக் கீழே சூடான பைப் ஓடுவது விளையாட்டல்ல.

கேள்வி: பழைய பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறார்.

அவர் பயப்படுவது நியாயம். நடுவில் வந்த உரிமையாளர்கள் எதை ஒட்டினார்கள் என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது. அந்தக் காலத்து கிளட்ச், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சகஜம், அதன் தூசி அந்தப் பக்கமெல்லாம் படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சின்னத் துண்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். எப்படியிருந்தாலும் தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள், இரட்டைப் பையில் கட்டுங்கள், நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடி போடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது.

கேள்வி: என்னுடையது 1976. தரை இரும்பு என்கிறார்கள். அப்படியானால் எனக்குப் பட்டை தேவையா?

தேவை. 1975இல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) வந்தது. இரண்டு பைப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கன்வெர்ட்டருக்குள் போயின, அது வேலை செய்யும்போது பல நூறு டிகிரி சூடேறும். அந்தச் சூட்டுக்காகத்தான் 1976இல் தரையின் ஒரு பகுதியை இரும்பாக்கினார்கள். இரும்பு கருகாது, ஆனால் சூட்டை நன்றாகவே உள்ளே கடத்தும். கன்வெர்ட்டர் மேலிருக்கும் தகட்டைத் தொலைத்திருந்தால் முதலில் அதைத் தேடி மாட்டுங்கள். கன்வெர்ட்டரே சிவந்து ஜொலிக்கிறது என்றால் அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜின் எரியாத பெட்ரோலை அனுப்புகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே பட்டை போடாதீர்கள்.

கேள்வி: பைப்பையே துணிப் பட்டையால் சுற்றிவிட்டால்?

தெருவில் ஓடும் காருக்கு எனக்கு உடன்பாடில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துப் பைப்பைத் துருவேற்றும். செராமிக் பூச்சு விலை கூட, ஆனால் அது தேவலை.

கேள்வி: எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, இன்னும் சுடுகிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தால் தகடு 45 டிகிரிதான் காட்டுகிறது. என்ன குழப்பம்?

தெர்மாமீட்டர் உங்களை ஏமாற்றுகிறது. பளபளப்பான உலோகத்தில் அது எப்போதும் குறைவாகவே காட்டும். தகட்டில் ஓரிடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அங்கே அளந்து பாருங்கள்.

எண் அதிகமாக வந்தால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். ஸ்பார்க் தாமதமானால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு, பைப் தேவையில்லாமல் சூடேறும். ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸ் கழன்று கிடந்தாலும் இதே கதிதான். அது சரியாக இருந்தால் முன் பம்பருக்குக் கீழே தொங்கும் ஸ்பாய்லரைப் பாருங்கள். இந்தக் கார் ரேடியேட்டருக்கான காற்றைக் கீழிருந்தே வாங்குகிறது. அந்த உதடு உடைந்திருந்தால் இன்ஜின் அறை முழுக்கக் கொதிக்கும், அந்தக் காற்று உங்கள் கால் பக்கமாகத்தான் வெளியேறும்.