கணிதம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதுகலை வகுப்பில் முடிவுறு குலங்களின் கேரக்டர் அட்டவணையைப் படித்தோம். அட்டவணை முழுவதையும் மறைத்துவிட்டு, முதல் நிரலில் உள்ள படிகளை மட்டும் கொடுத்தால், குலத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? (மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: படிக்காதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். குலம் என்பது, சேர்ப்பு விதிக்கு உட்பட்ட ஒரு பெருக்கலும், சமனியும், ஒவ்வோர் உறுப்புக்கும் நேர்மாறும் உள்ள கணம். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும், பெருக்கல் விதி கெடாதவாறு, ஒரு கலப்பெண் சதுர அணியைப் பொருத்தினால், அந்த அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலே கேரக்டர். அணியின் வரிசைகளுடைய எண்ணிக்கை அதன் படி. மேலும் சிறிய அணிகளாகப் பிரிக்க இயலாத பொருத்தங்கள் தருபவை பகுபடாக் கேரக்டர்கள். இந்தக் கோட்பாட்டை 1896இல், டெடிகிண்ட் கடிதத்தில் எழுப்பிய ஒரு வினாவைத் தொடர்ந்து, ஃப்ரோபீனியஸ் உருவாக்கினார்.

படிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் குலத்தில் எத்தனை உறுப்புகள் என்பது கிடைத்துவிடும். பட்டியலில் 1 எத்தனை முறை வருகிறதோ, அத்தனை உறுப்புகள் கம்யூட்டேட்டர் உட்குலத்தால் (xyx⁻¹y⁻¹ வடிவ உறுப்புகள் பிறப்பிக்கும் உட்குலத்தால்) வகுத்துக் கிடைக்கும் ஈவுக் குலத்தில் இருக்கும். எல்லாப் படிகளும் 1 ஆக இருந்தால் குலம் எபீலியன் (பெருக்கும் வரிசை விடையை மாற்றாதது), மறுதலையும் உண்மை. இந்த அடிப்படைச் செய்திகளே சில வேளைகளில் போதும். 1, 3, 3, 4, 5 என்ற பட்டியலைப் பாருங்கள். வர்க்கங்களின் கூடுதல் 60. 1 ஒரே ஒரு முறைதான் வருகிறது. எனவே குலம் தன் கம்யூட்டேட்டர் உட்குலத்துக்குச் சமம். 60 உறுப்புகளுடன் அப்படி இருப்பது, ஐந்து பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களாலான ஏ5 என்னும் எளிய குலம் ஒன்றே. (ஈவுக் குலம் அமைக்க இடந்தரும் உட்குலம் நார்மல்; சமனி மட்டும் கொண்டதையும் தன்னையும் தவிர வேறு நார்மல் உட்குலம் இல்லாத குலம் எளியது.)

ஆனால் எல்லாப் பட்டியல்களும் இவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. சதுரத்தின் சமச்சீர்களாலான குலத்துக்கும், எட்டு உறுப்புகள் கொண்ட குவாட்டர்னியன் குலத்துக்கும் படிகள் 1, 1, 1, 1, 2தான். முதலாவதில் வர்க்கம் செய்தால் சமனியாகும் உறுப்புகள், சமனியைத் தவிர, ஐந்து, இரண்டாவதில் ஒன்றே. இங்கே படிகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் இவ்விரு குலங்களின் கேரக்டர் அட்டவணைகள் முழுவதுமே ஒன்றுதான்.

கேள்வி: படிகளைப் பகா எண்கள் வகுக்கின்றனவா என்பதற்கும் குலத்தின் அமைப்புக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அது என்ன? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தத் தொடர்புதான். ஒரு பகா எண் எந்தப் படியையும் வகுக்காது என்பதும், அந்தப் பகா எண்ணுக்கான சைலோ உட்குலம் (குலத்தின் உறுப்பெண்ணிக்கையை வகுக்கும் அப்பகா எண்ணின் மிகப் பெரிய அடுக்கு எவ்வளவோ, அத்தனை உறுப்புகள் கொண்டது) நார்மலாகவும் எபீலியனாகவும் இருக்கும் என்பதும் ஒன்றுக்கொன்று சமமான கூற்றுகள். நார்மலான எபீலியன் உட்குலம் ஒன்று இருந்தால் ஒவ்வொரு படியும் அதன் குறியெண்ணை (குலத்தின் உறுப்பெண்ணிக்கையை உட்குலத்தின் உறுப்பெண்ணிக்கையால் வகுத்த ஈவை) வகுக்கும் என்ற ஈட்டோவின் தேற்றம் ஒரு திசையை எளிதாகத் தந்துவிடுகிறது. எதிர்த்திசைதான் கடினம்: தீர்க்கத்தக்க (படிப்படியாக எபீலியன் ஈவுகளாகப் பிரிக்க இயலும்) குலங்களுக்கு ஈட்டோ 1951இல் நிறுவியதை, எல்லாக் குலங்களுக்குமாக 1986இல் மிஷ்லர் முடித்தபோது, முடிவுறு எளிய குலங்களின் வகைப்பாடு அவருக்குத் தேவைப்பட்டது. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய ஒரு கூற்றுக்குப் பின்னால் பல ஆயிரம் பக்கங்களில் பரவிக் கிடக்கும் ஒரு நிறுவல் நிற்கிறது என்பது சற்றே உறுத்தத்தான் செய்கிறது.

இதற்கு நேர் எதிரான நிலையை ஆராய்ந்தவர் ஜான் தாம்ப்சன். 1ஐவிடப் பெரிய படிகள் அனைத்தையும் ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணால் வகுபடாத எண்ணிக்கையும், அதன் அடுக்கு ஒன்றைக் குறியெண்ணாகவும் கொண்ட நார்மல் உட்குலம் ஒன்று இருந்தே தீரும் என்று 1970இல் அவர் காட்டினார். இதற்கு வகைப்பாடு தேவையில்லை. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களாலான ஏ4 குலத்தின் படிகள் 1, 1, 1, 3. இவற்றில் எதையும் 2 வகுக்கவில்லை. ஆகவே நான்கு உறுப்புகள் கொண்ட சைலோ உட்குலம் நார்மல், எபீலியன். 1ஐவிடப் பெரிய ஒரே படியை 3 வகுக்கிறது. தாம்ப்சனின் தேற்றம் சுட்டுவதும் அதே நான்கு உறுப்புகளைத்தான்.

கேள்வி: திரும்ப வரும் படிகளை நீக்கிவிட்டு வெறும் கணமாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு இழப்போம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிறையவே இழப்போம். எந்தக் குலத்தையும் ஓர் எபீலியன் குலத்தோடு நேர்ப்பெருக்கல் செய்தால் (இரண்டின் உறுப்புகளையும் சோடிகளாக்கி ஒரு குலமாக்கினால்) படிகளின் கணம் மாறாது. எனவே குலத்தின் அளவே கைவிட்டுப் போகிறது. எத்தனை முறை என்ற கணக்கோடு படிகள் தெரிந்தால் குலம் நில்பொட்டென்ட்டா (தன் சைலோ உட்குலங்களின் நேர்ப்பெருக்கமா) இல்லையா என்று கூறிவிடலாம் என ஐசக்ஸ் 1986இல் காட்டியிருந்தார். வெறும் கணத்தால் அது முடியாது: ஒரே படிக் கணம் கொண்ட ஒரு நில்பொட்டென்ட் குலத்தையும், தன் கம்யூட்டேட்டர் உட்குலத்துக்குச் சமமான வேறொரு குலத்தையும் நவாரோவும் ரிஸோவும் 2014இல் எடுத்துக்காட்டினார்கள்.

இருந்தும் கணத்தில் எஞ்சுவது அற்பமன்று. வேறுபட்ட படிகள் மூன்றுக்கு மேற்படாவிட்டால் குலம் தீர்க்கத்தக்கது. ஏ5இன் கணத்தில் நான்கு எண்கள் இருப்பதால் இந்த வரம்பைத் தளர்த்த வழியில்லை. எபீலியன் அல்லாத ஓர் எளிய குலத்தின் படிக் கணமே ஒரு குலத்துக்கும் அமைந்தால், அது அந்த எளிய குலத்துக்கும் ஏதோ ஓர் எபீலியன் குலத்துக்கும் நேர்ப்பெருக்கமாகவே இருக்கும் என்பது பெர்ட்ரம் ஹூப்பர்ட்டின் யூகம். ஏ5 உள்ளிட்ட சில குடும்பங்களுக்கு அவரே அதை நிறுவினார்.

கேள்வி: மெக்கே யூகம் நிறுவப்பட்டதாகப் படித்தேன். அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முடியுமா? (மாணவர், சேலம்)

பதில்: முடியும், ஏ5 இதற்கும் போதும். ஒரு பகா எண்ணால் வகுபடாத படியுடைய பகுபடாக் கேரக்டர்கள் ஒரு குலத்தில் எத்தனையோ, அதற்குரிய சைலோ உட்குலத்தின் நார்மலைசரிலும் (அந்த உட்குலம் நார்மலாக அமையும் மிகப் பெரிய உட்குலத்திலும்) அத்தனை இருக்கும் என்பதே யூகம். பகா எண் 2 எனில், ஏ5இல் ஒற்றைப்படையான படிகள் 1, 3, 3, 5 என நான்கு. நார்மலைசராகிய ஏ4இன் 1, 1, 1, 3 அனைத்தும் ஒற்றைப்படை, ஆக நான்கு. பகா எண் 3 எனில் ஏ5இல் 1, 4, 5, நார்மலைசர் ஆறு உறுப்புகள் கொண்டது, படிகள் 1, 1, 2, இருபுறமும் மூன்று. பகா எண் 5 எனில் ஏ5இல் 1, 3, 3, 4. ஐங்கோணத்தின் சமச்சீர்க் குலமாகிய நார்மலைசரில் 1, 1, 2, 2.

மெக்கே 1970களின் தொடக்கத்தில் கவனித்த இந்த ஒற்றுமையை, எளிய குலங்களைப் பற்றிய வினாவாக ஐசக்ஸ், மல்லே, நவாரோ மூவரும் 2007இல் சுருக்கினார்கள். எஞ்சியிருந்த பகுதியை முடித்துவிட்டதாக கபான், ஷ்பேத் இருவரும் 2023இல் அறிவித்தனர். கடைசி எடுத்துக்காட்டை இன்னும் ஒரு முறை பாருங்கள். 5ஆல் வகுக்கும்போது, குறியைப் பொருட்படுத்தாவிட்டால், 4ஐ 1க்கும் 3ஐ 2க்கும் நிகராகக் கொள்ளலாம். அப்போது 1, 3, 3, 4 என்ற பட்டியல் 1, 2, 2, 1 ஆகி, நார்மலைசரின் பட்டியலோடு எண்ணிக்கையில் மட்டுமன்றி மதிப்பிலும் பொருந்துகிறது. எல்லா முடிவுறு குலங்களிலும் இவ்வாறே நிகழும் என்பது ஐசக்ஸும் நவாரோவும் 2002இல் வெளியிட்ட, மெக்கே யூகத்தைவிட வலுவான ஒரு யூகம்.