டேட்டாபேஸ் பிடித்த பிள்ளையை ஏன் ஏஐ வகுப்புக்குத் தள்ளுகிறீர்கள்?

"ஏஐ கோர்ஸில் சேரக் கடைசித் தேதி நெருங்குகிறது. இவளோ இரண்டு நாளாகப் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாபேஸுக்குக் கனெக்ட் ஆகவில்லையாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த இரண்டு நாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் கொழுந்தனார் ஏஐதான் எதிர்காலம் என்கிறார். இருக்கட்டும். அதற்காகக் கடன் வாங்கி, பிள்ளைக்கு மனமில்லாத படிப்பில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தவணை கட்டப்போவது நீங்கள், உட்கார்ந்து படிக்கப்போவது அவள். அவர் இரண்டில் எதையும் செய்யப்போவதில்லை.

நீங்கள் அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் என்பது தகவல்களைச் சேமித்து, கேட்பவர்களுக்கு எடுத்துத் தரும் டேட்டாபேஸ் மென்பொருள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து போனபோது அவளுக்கு வந்த முதல் பிழை, பதிலே இல்லாமல் 'டைம் அவுட்'. பக்கத்திலேயே "ஃபயர்வால்? 5432 போர்ட்" என்று எழுதி வைத்திருக்கிறாள். ஃபயர்வால் வெளி அழைப்புகளைத் தடுக்கும் காவல், போர்ட் சர்வருக்குள் நுழையும் வாசல் எண். அந்த போர்ட்டைத் திறந்ததும் பிழை மாறியது: 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'. நிறுவியதும் போஸ்ட்கிரெஸ் சர்வர் பொதுவாகத் தான் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். பக்கத்திலேயே "ஃபயர்வால்? 5432 போர்ட்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அப்புறம் மூன்றாவது பிழை: சர்வரே பேசுகிறது, உனக்கு அனுமதி இல்லை என்கிறது. ஒவ்வொரு பிழையும் எந்த இடத்தில் தடை என்று சொல்கிறது என்பதை அவளாகவே பிடித்துவிட்டாள்.

கடைசியில் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யார் எங்கிருந்து வரலாம் என்று எழுதும் கோப்பில், எல்லா முகவரிகளுக்கும் 'டிரஸ்ட்' என்று ஒரே வரி போட்டிருந்தால் பாஸ்வேர்டே கேட்காமல் வேலை முடிந்திருக்கும். அவள் அதை விட்டுவிட்டு, தன் இன்னொரு கம்ப்யூட்டரின் முகவரி ஒன்றை மட்டும் எழுதி, பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் 'ஸ்க்ராம்' முறையைப் போட்டிருக்கிறாள். 2017 தொடக்கத்தில் இணையத்துக்குத் திறந்துகிடந்த, பாஸ்வேர்டு இல்லாத ஆயிரக்கணக்கான மாங்கோடிபி (இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) டேட்டாபேஸ்களைத் திருடர்கள் அழித்து, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தவறை யாரும் சொல்லாமலே தவிர்த்திருக்கிறாள் உங்கள் மகள்.

இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டிபிஏ. யாருக்கு எவ்வளவு அனுமதி, பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா, டேட்டாபேஸிடம் கேட்கும் எந்தக் கேள்வி (கொயரி) இழுத்தடிக்கிறது, ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது தாங்குமா என்று பார்ப்பவர். கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர்கள், வந்தபின் நிறுவுவதும் பேக்கப் எடுப்பதும் பெரும்பாலும் தானாக நடக்கின்றன. ஆனால் யாரை எங்கிருந்து உள்ளே விடுவது என்பதை இன்னமும் ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மறைக்க மாட்டேன்: முதல் வேலை பெரும்பாலும் சப்போர்ட் பிரிவில்தான் கிடைக்கும், நடுராத்திரியில் போன் வரும். அது பிடிக்காதவர்களுக்கு இந்தத் துறை வேண்டாம்.

செலவு விஷயத்தில் நான் கறார். கடன் இல்லாமல் கட்ட முடிகிற ஒரு கணினிப் பட்டம் போதும். போஸ்ட்கிரெஸ் இலவசம், அதன் கையேடும் இலவசம். சான்றிதழ் வகுப்புக்கு இப்போது பணம் கட்டவே கட்டாதீர்கள். வேலைக்குப் போனபின் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கடன் விண்ணப்பத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குள் அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் மீட்டு, ஒரு வரிசைகூட விடுபடவில்லை என்று சரிபார்க்கட்டும். அலுப்பான வேலைதான், டிபிஏவின் அன்றாடமும் அதுதான். அதையும் விரும்பிச் செய்தால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பட்டம் என்று மூவருமாகப் பேசலாம்.